அனுப்புகிறவர்களே கேட்கிறார்கள், ஏன் போகிறீர்கள் என்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையிலிருந்து விடுபடுகிறவர்கள் எக்சிட் இன்டர்வியூவில், அதாவது வெளியேறும்போது மனிதவளப் பிரிவு நடத்தும் நேர்காணலில், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிரித்த முகத்தோடு பேசுங்கள், நன்றி சொல்லுங்கள், கசப்பை வெளிக்காட்டாதீர்கள், நாளைக்குத் திரும்பிவரவும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொல்லப்பட்ட யோசனைகள், வேறு நல்ல இடம் கிடைத்துத் தாமாகக் கிளம்புகிறவருக்குப் பொருந்தும். நிறுவனமே வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஒருவர் அவற்றை அப்படியே கடைப்பிடித்தால், தமக்குச் சட்டப்படி வரவேண்டியதைத் தம் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வரக்கூடும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த நேர்காணல் எதற்காக நடத்தப்படுகிறது, அதில் பதிவாகும் சொற்கள் பிறகு எங்கே போகின்றன என்பதை அறிந்தவள். அதனாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நல்ல ஊழியர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட நடைமுறை அது. மேலாளர் சரியில்லையா, சம்பளம் போதவில்லையா, இரவு ஷிஃப்ட் ஒத்துவரவில்லையா என்று கேட்டுக் குறித்துவைத்தால், அடுத்தவரையாவது தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தாமாகப் போகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நிறுவனமே அனுப்பும்போது, அவர் ஏன் போகிறார் என்ற கேள்விக்கான விடை நிறுவனத்திடமே இருக்கிறது. ஆனாலும் அதே படிவத்தை அவரிடமும் நீட்டுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் இதற்குத் தனியான சூழ்ச்சி எதுவும் காரணம் இல்லை. மென்பொருளில் ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறார்கள், அந்தப் படிவம் நிரம்பினால்தான் பொருள்களை ஒப்படைத்துக் கணக்கு முடிக்கும் அடுத்த கட்டமான கிளியரன்ஸ் திறக்கும். நோக்கம் எதுவாக இருந்தாலும், கோப்பில் எஞ்சுவது என்னவோ ஊழியர் தாமே விரும்பி விலகினார் என்று அவரே தெரிவித்த ஒரு பதிவுதான்.

என் அக்கா மகன் சென்ற ஆண்டு இப்படி வெளியே வந்தான். காலையில் அவனுடைய காலண்டரில் விவரம் எதுவும் இல்லாமல் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கண்ணாடி அறையில் டெலிவரி மேனேஜரும் மனிதவள (எச்.ஆர்.) பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, வேலை ஒதுக்காமல் பென்ச்சில் வைத்துக்கொள்ள இடமில்லை, இன்று மாலைக்குள் பேப்பர் போட்டுவிட்டால், அதாவது ராஜினாமா செய்துவிட்டால், பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், போடாவிட்டால் டெர்மினேஷன் (பணிநீக்கம்) என்று பதிவாகும் என்றார்கள். அறையை விட்டு வந்து இருக்கையில் அமர்வதற்குள் எக்சிட் இன்டர்வியூ படிவத்துக்கான இணைப்பு வந்துவிட்டது. மாடிப்படியில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான். "சித்தி, எதுக்காகப் போறீங்கன்னு கேட்டு ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க. மேற்படிப்பு, கல்யாணம், உடம்பு சரியில்லை, வேற ஊருக்குப் போறது, நல்ல சம்பளம், பெர்சனல் ரீசன்ஸ், இவ்வளவுதான் இருக்கு. பெர்சனல்னு போட்டா பிரச்சினை இல்லாம முடிஞ்சிடும்கறாங்க. போட்டுடட்டுமா?" என்றான்.

அந்தப் பட்டியலைத்தான் இந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். நிறுவனம் அனுப்பியது என்ற ஒரு காரணத்தைத் தவிர, உலகத்தில் உள்ள எல்லாக் காரணங்களும் அதில் இருக்கும். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்கும் போக முடியாது. நான் அவனிடம், எதையும் அழுத்தாதே, அந்தப் பெண்ணிடமே போய், காலையில் நீங்கள் சொன்ன காரணம் பட்டியலில் இல்லையே, நான் என்ன செய்வது என்று அமைதியாகக் கேள் என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மற்றவை" என்று ஒன்று அடியில் இருக்கிறது, அதைத் தேர்ந்து கருத்துப் பெட்டியில் எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றாளாம். கீழே இறக்கிப் பார்த்தால் உண்மையில் இருந்திருக்கிறது. அதில், பணிவிலக வேண்டும் என்று தான் கேட்கவில்லை, ப்ராஜெக்ட் முடிந்ததால் தன் பணி இனித் தேவையில்லை என்று இன்ன தேதியில் நடந்த கூட்டத்தில் இன்னார் தெரிவித்தார்கள், அதை ஏற்று நிறுவனம் தரும் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதினான். கோபமாக ஒரு சொல் இல்லை, புகழ்ந்தும் ஒரு சொல் இல்லை. ராஜினாமாக் கடிதமும் அவன் கொடுக்கவில்லை. சில வாரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் நிறுவனத் தேவை கருதிப் பணி முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது என்று கடிதம் வந்தது, நோட்டீஸ் காலத்துச் சம்பளமும் இழப்பீடும் சேர்ந்து வந்தன. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று "பெர்சனல் ரீசன்ஸ்" என்று அழுத்தியிருந்தால் கேட்பதற்கே இடமிருந்திருக்காது.

ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறதா என்று வாசகர்கள் நினைக்கலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-எஃப் பிரிவு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யும்போது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியமும், நிறைவுசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்று வைத்திருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அதோடு, ஆட்குறைப்புச் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் அவருடைய கடைசி ஊதியத்தில் 15 நாளுக்குச் சமமான தொகையை மறுதிறன் பயிற்சிக்கான நிதியில் முதலாளி செலுத்த வேண்டும் என்றும், ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கும் உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் என்றால், ஆட்குறைப்பினாலோ ஆலை மூடலினாலோ வேலையிழந்தவர்களுக்கு 2005 முதல் நடந்துவரும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தின் உதவித்தொகையைக் கேட்க வழி இருக்கிறது. இவை அனைத்தும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: அவர் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். தாமாக விலகியவர் ஆட்குறைப்பு என்பதன் வரையறைக்குள்ளேயே வரமாட்டார்.

எச்.ஆர். பிரிவினர் சில சமயம், நீங்கள் எல்லாம் ஒயிட் காலர், தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்வார்கள். ஐ.டி. துறைக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் கிடையாது, அத்துறை ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட இருந்த கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் மனுவின்மேல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் தங்கள் வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை அவருடைய விசிட்டிங் கார்டில் உள்ள பதவிப் பெயரைக் கொண்டு முடிவு செய்வதில்லை, அவர் நாள்தோறும் முதன்மையாகச் செய்த வேலை என்ன என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எழுதியதும் சோதித்ததும் நிரல்தான் என்றால், பெயருக்கு முன்னால் லீட் என்று இருந்தாலும் வாதாட இடமுண்டு.

இந்த இடத்தில்தான் நேர்காணலில் பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. வேலை போன அதிர்ச்சியில் இருப்பவருக்குத் தன் மதிப்பை நிலைநாட்டிக்கொள்ளத் தோன்றும், மனித இயல்பு. உங்கள் பொறுப்புகளைச் சொல்லுங்கள் என்று கேட்டதும், இத்தனை பேரை நான்தான் நிர்வகித்தேன், விடுப்பு அனுமதித்தேன், மதிப்பெண் போட்டேன், ஆள் எடுத்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருப்பவர் அத்தனையையும் தட்டச்சு செய்துகொள்வார். பிறகு தொழிலாளர் நல அலுவலரிடம் விவகாரம் போனால், இவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், தொழிலாளர் அல்லர், அவரே சொன்னதைப் பாருங்கள் என்று அந்தத் தாள் நீட்டப்படும். உள்ளதை மறைக்கச் சொல்லவில்லை. உண்மையில் என்ன செய்தாரோ அதை மட்டும், கூட்டாமல் சொன்னால் போதும்.

கோபம் இன்னொரு விதத்தில் கெடுக்கிறது. அந்த அறையில் உரக்கப் பேசியவரைப் பற்றி, நடத்தை சரியில்லை, மீண்டும் பணியில் சேர்க்கத் தகுதியற்றவர் என்று ஒரு வரி எழுதுவது எளிது. எதிரே இருப்பவர் முடிவெடுத்தவரும் இல்லை. பெரும்பாலும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளை. ஒரே நாளில் வரிசையாகப் பலரை இப்படி அழைத்துப் பேசச் சொல்லிக் கையில் பட்டியலைக் கொடுத்திருப்பார்கள், அடுத்த பட்டியலில் அவர் பெயரே இருக்கவும் கூடும். அவரைத் திட்டுவதால் ஒன்றும் நடக்காது. அவரிடம் இளகிப்போய் மனத்தில் உள்ளதை எல்லாம் கொட்டுவதும் வேண்டாம். வீட்டுக் கடன், அப்பாவின் உடல்நிலை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று சொல்லி அழுதால் அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கும், நிறுவனத்துக்குக் கலங்காது. மாறாக, இவருக்குப் பணம் அவசரம், கொடுத்ததை வாங்கிக்கொள்வார் என்ற செய்தி மேலே போகும்.

அப்படியானால் என்னதான் பேசுவது என்றால், பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும். எந்த விதியின் கீழ் என்னை அனுப்புகிறீர்கள், உத்தரவு எழுத்தில் எப்போது வரும், கடைசி வேலைநாள் என்று எதைப் பதிவு செய்கிறீர்கள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய காரணமாக எதை ஏற்றப்போகிறீர்கள், எஞ்சியிருக்கும் விடுப்புக்கு எவ்வளவு, குழு மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை, வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ் எந்த முகவரிக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அவர்கள் கண்முன்னாலேயே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. மேலாளரைப் பற்றியோ நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பற்றியோ கேட்டால், இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று முடித்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் கேள்விகளையும், இந்த நிறுவனத்தை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்வியையும் காலியாக விடலாம். மென்பொருள் விடாவிட்டால் நடுவில் உள்ள எண்ணை அழுத்திவிட்டுக் கருத்துப் பெட்டியில் அதைக் குறிப்பிடலாம். இந்த நேர்காணலுக்கு வந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் போகாமல் இருப்பதைவிட, போய்ச் சரியான ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்துவிட்டு வருவதே மேல் என்பது என் கருத்து.

பாலியல் தொந்தரவு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது போன்ற கடுமையான விஷயங்களைச் சிலர் அந்தக் கடைசி நாளில்தான் முதன்முறையாக வாய்திறந்து சொல்கிறார்கள். அதற்கான காரணம் எனக்குப் புரியாததல்ல. வேலை கையில் இருக்கும்வரை பயம் இருக்கும். ஆனால் எக்சிட் இன்டர்வியூவில் சொன்னது புகார் ஆகிவிடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எச்.ஆரிடம் சொல்லியாயிற்று என்று காத்திருந்து அந்தக் கெடுவை இழந்துவிடக் கூடாது. சொல்வதானால் குழுவுக்கே தனியாக எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்றும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கையெழுத்து விவகாரத்துக்கு வருகிறேன். நேர்காணல் முடிந்ததும் ஒரு கட்டுத் தாளை நீட்டுவார்கள். மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்ததற்கான தாளில் தயங்காமல் கையெழுத்திடலாம். அந்தக் கட்டின் நடுவே, எனக்கு நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை, எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு தாள் இருக்கும். ஒரு ரூபாய்கூட வங்கிக் கணக்குக்கு வராத நிலையில் அதில் கையெழுத்துக் கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. எவ்வளவு சொல்லியும் விடவில்லை, ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று மிரட்டுகிறார்கள் என்றால், கையெழுத்துக்கு மேலேயே, "என் சட்ட உரிமைகளுக்குக் குந்தகமின்றி, எதிர்ப்புடன் கையொப்பமிடுகிறேன்" என்று தம் கைப்பட எழுதித் தேதி போட வேண்டும். அன்று மாலையே சொந்த மின்னஞ்சலிலிருந்து, இன்று காலை இத்தனை மணிக்கு நடந்த கூட்டத்தில் இன்னது பேசப்பட்டது என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட வேண்டும். வற்புறுத்தலாலும் தகாத செல்வாக்காலும் பெறப்பட்ட இசைவு செல்லத்தக்கதா என்ற கேள்விக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதை ரத்துச் செய்யக் கோரலாம். ஆனால் ஆறு மாதம் மௌனமாக இருந்துவிட்டு, அன்று என்னை வற்புறுத்தினார்கள் என்று சொன்னால் நம்ப வைப்பது கடினம். அன்றைய தேதியிட்ட ஒரு மின்னஞ்சல் அந்த வேலையைச் செய்துவிடும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்வதும் நல்லது. வெளியேறிய பின் இத்தனை மாதம் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கினாலும், பிழைப்பைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனை செல்லாது என்பதே அதன் சாரம். நிறுவனத்தின் ரகசியங்களைக் காக்க வேண்டிய கடமை மட்டும் தொடரும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. கூட்ட அழைப்பு வந்ததுமே பதறிப்போய், அலுவலகக் கோப்புகளைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கண்காணிப்பு மென்பொருள் அதை அடுத்த நொடியே காட்டிக்கொடுக்கும். அதுவரை ஆட்குறைப்பாக இருந்தது ஒழுங்கீனத்துக்கான பணிநீக்கமாக மாறிவிடும். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதம், ஆண்டு மதிப்பீடு, இவைதாம் ஊழியருக்கு உரியவை. வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது இறக்கி வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கு எந்தப் பதற்றமும் இராது.

பண விஷயத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாறுவது, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், அதாவது கடைசிக் கணக்குத் தொகை, 45 நாளில் வரும் என்ற வாக்கியத்தை நம்பித்தான். புதிய தொகுப்புச் சட்டங்களில் இன்னொன்றான ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணிநீக்கமானாலும் ஆட்குறைப்பானாலும் ராஜினாமாவேயானாலும், சேரவேண்டிய ஊதியத்தை 2 வேலைநாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. இது மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் கொள்கைக் கையேட்டில் 45 நாள் என்று அச்சிட்டிருப்பதால் சட்டம் மாறிவிடாது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 30 நாள் அவகாசம், அதைத் தாண்டினால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய் வாங்கிய ஒருவர் 6 ஆண்டு முடித்திருந்தால், மாதத்தை 26 நாளாக வைத்து ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் அவருக்கு 1,38,461 ரூபாய் வரும். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், அதற்குச் சற்றுக் குறைவாக இருப்பவர்கள் கடைசி வேலைநாளின் தேதியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணியாற்றியவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் வெகு நாளைக்கு முன்பே கூறியிருக்கிறது. நோட்டீஸ் காலத்தை வேலை செய்து கழிப்பதா, சம்பளமாக வாங்கிக்கொண்டு அன்றே கிளம்புவதா என்று அந்த அறையில் கேட்கப்படும்போது, சீக்கிரம் வெளியே போனால் போதும் என்ற மனநிலையில் இரண்டாவதைத் தேர்ந்து, சில வார வித்தியாசத்தில் அந்தத் தொகையை விட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவையும் செய்யாமல் பேசாமல் கையெழுத்திட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம், அடுத்த நிறுவனம் பின்னணியை விசாரிக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் கறை விழுந்துவிடும் என்ற பயம். அடுத்த நிறுவனம் கேட்பது பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, நன்னடத்தை, மீண்டும் எடுத்துக்கொள்வீர்களா என்பவற்றை மட்டும்தான். ப்ராஜெக்ட் முடிந்ததால் அனுப்பப்பட்டார் என்பது நன்னடத்தைக் குறைபாடு ஆகாது. 2025 ஜூலையில் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக வெளிப்படையாக அறிவித்தது. அதன் பிறகு சென்னையில் ஆள் எடுக்கும் எந்த மனிதவள அலுவலருக்கும் ஆட்குறைப்பு என்ற சொல் புதிதாக இருக்க முடியாது. உண்மையில், காரணமே சொல்லாமல் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டு மூன்று மாதம் சும்மா இருந்தவரைத்தான் எதிரே இருப்பவர் துருவித் துருவிக் கேட்பார்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோதும், மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும், தொழிலாளர்கள் சங்கமாக நின்று பேசினார்கள். கேட்டது முழுவதும் கிடைத்ததா என்பது வேறு. தனித்தனியாக ஒவ்வொருவரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, மாலைக்குள் முடிவு சொல்லு என்று கேட்க அங்கே யாராலும் முடியவில்லை. ஐ.டி. துறையிலும், இப்போது அதைப் பின்பற்றும் வங்கி, விற்பனை, கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிலும், ஊழியர் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார். உடன் ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத் துறைக்குத் தங்கள் வாயிலாகச் சில கோரிக்கைகளை வைக்கிறேன். நிறுவனம் தானாக முன்வந்து பணியை முடிக்கும் நேர்வுகளில், வெளியேறல் படிவத்தில் அந்தக் காரணம் தனி வரியாக இடம்பெற வேண்டும் என்றும், ஊழியரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் குறைந்தது 2 வேலைநாள் அவகாசம் தந்து, நகலையும் கொடுத்தாக வேண்டும் என்றும் விதி செய்ய வேண்டும். புதிய தொகுப்புச் சட்டங்களை ஒட்டி மாநில அளவில் விதிகளும் நடைமுறைகளும் சீராக்கப்படும் இந்தக் காலமே இதற்குத் தோதானது. ஒரே மாதத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் பெரும் எண்ணிக்கையில் ராஜினாமாக்கள் வந்தால், அவற்றின் பின்னணியை விசாரிக்கும் பழக்கத்தையும் துறை ஏற்படுத்திக்கொள்ளலாம். வைப்பு நிதிக் கணக்கில் விலகல் தேதிகள் பதிவாகும்போதே இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அடுத்த முறை இதே பொருளில் கட்டுரை வரும்போது, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது என்பதையும், அங்கோ மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திலோ மனுக் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை என்பதையும், பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் தொழிலாளர்களும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனிதவளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.